பிஜிலி பாக்கெட்டில் எத்தனை விதி?

பட்டாசுப் பெட்டியைக் கையில் எடுத்ததும் கண் போவது படத்துக்கும் விலைக்கும்தான். ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஓடும் பொடி எழுத்தைப் படிப்பவர்கள் எத்தனை பேர்? ஆனால், அந்த எழுத்துக்காக சிவகாசியில் ஒருவர் நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்கிறார்.

1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த ஊர் இது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட, அச்சுத் தொழிலும் கூடவே வளர்ந்தது. லேபிளில் படம் போடுவது சுலபம். விதிகளை நுழைப்பதுதான் பெரும்பாடு.

வெடியில் என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்பதைப் பெட்டியிலேயே போட வேண்டும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல விதிதான். ஆனால், விரல் நீள பிஜிலி பாக்கெட்டில் பெயர், தயாரிப்பாளர், எச்சரிக்கை, ரசாயனப் பட்டியல் எல்லாம் போட்டால் எழுத்து கடுகைவிடச் சிறிதாகிவிடும். விதிப்படி எல்லாம் இருக்கும், படிக்கத்தான் முடியாது.

சத்தத்துக்கான விதியோ இன்னும் வேடிக்கை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது 1999-ல் வந்த அறிவிப்பு. சரவெடி என்றால் அந்த அளவிலிருந்து '5 லாக் என்' கழிக்க வேண்டும். சரத்தில் கோத்த வெடிகளின் எண்ணிக்கைதான் 'என்'. 100 வெடிகள் என்றால் 10 டெசிபல் குறையும். ஒவ்வொரு வெடிக்கும் 115 தான் வரம்பு. சரம் பின்னுகிற அக்காவுக்கு இந்த மடக்கைக் கணக்கை யார் விளக்குவது?

விளக்க வேண்டிய அவசியமும் போய்விட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கே தடை போட்டது. பேரியம் உப்புக்கும் தடை. கம்பி மத்தாப்பு முதல் பச்சை ஒளி வரை பேரியம் நைட்ரேட்டை நம்பியே இருந்தன. மருந்து மாறினால் ரசாயனப் பட்டியல் மாறும், லேபிளும் மாற வேண்டும். பிறகு வந்த பசுமைப் பட்டாசுக்குத் தனி லோகோ, கியூஆர் கோடு. இடம் மட்டும் அதே விரல் நீளம்தான்!

இதே ஊரில் இன்னொரு எழுத்தும் இருக்கிறது. ஆலையின் ஒவ்வொரு அறைச் சுவரிலும், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து வைக்கலாம் என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டே எண்கள். லாக் கிடையாது, சட்டப் பிரிவு கிடையாது. ஓர் உராய்வில் பொறி பறந்தால், எத்தனை வீட்டில் இழவு விழும் என்பதை அந்த எண்கள்தான் தீர்மானிக்கின்றன.

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 40 பேர் வரை இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் 20 உயிர்களாவது போயின. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் எழுகிற முதல் கேள்வி, 'அறைக்குள்ளே எத்தனை பேர் இருந்தார்கள்?' என்பதே.

யாராலும் படிக்க முடியாத விதிகளைக் குவித்தால், விதி என்றாலே 'அதிகாரி வந்தால் காட்டுவதற்கு' என்ற எண்ணம் ஊறிவிடும். அப்போது சுவரில் இருக்கும் அந்த இரண்டு எண்களும் பொடி எழுத்தோடு பொடி எழுத்தாகப் போய்விடும். விதிகளை எழுதுபவர்கள், ஒரு முறையாவது பிஜிலி பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிப் பார்க்கலாம்.