குழந்தைப் பராமரிப்புப் பயிற்சியும் உடற்குறையுள்ள மாணவரும்

குழந்தைப் பராமரிப்பைத் தொழிலாகக் கற்க முன்வருவோருக்கு வகுப்பறைப் படிப்பு மாத்திரம் போதாது. அங்கன்வாடியிலோ, பாலர் பள்ளியிலோ, தொழிற்சாலையைச் சார்ந்த காப்பகத்திலோ குழந்தைகளின் நடுவிலிருந்து வேலை பழகவேண்டும். இப்பயிற்சி முற்றுப்பெறாவிடில் படிப்பும் முற்றுப்பெறாது. ஆகவே, உடற்குறையுள்ள மாணவியொருத்தியைக் கல்லூரி சேர்த்துக்கொண்ட பின்னர், பயிற்சி நிலையம் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுமாயின், அவள் பெற்ற அநுமதியால் விளையும் பயன் யாது?

‘குழந்தைகளுக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் யார் ஜவாப்தாரி?’ என்று நிர்வாகிகள் கேட்பர். குழந்தைகளின் க்ஷேமமே முதன்மையானதென்பதை நாமும் ஒப்புகிறோம். ஆனால் எந்த வேலையில் என்ன ஆபத்தென்று ஆராய்ந்து பார்க்கவேண்டும். மாணவியைக் கண்ட மாத்திரத்திலேயே முடிவு கட்டலாகாது. காலில் வலுவற்றவள் உட்கார்ந்தபடியே குழந்தைக்குப் புட்டிப்பால் புகட்டலாம், கதை சொல்லலாம், சித்திரம் எழுதப் பழக்கலாம். தூக்கிச் செல்லும் வேலையை உடனிருக்கும் ஊழியர் ஏற்கலாம். காது கேளாதவளுக்குக் குழந்தைகள் யாவரும் கண்ணில் படும்படி இடத்தை ஒழுங்குசெய்து, அவர்கள் உறங்கும் வேளையில் மற்றொருவரைத் துணை வைக்கலாம். நாள் முழுதும் நிற்க இயலாதவருக்குத் தினசரி நேரத்தைக் குறைத்து வாரங்களைக் கூட்டினால் மொத்தப் பயிற்சி குறையாது.

இவையெல்லாம் தயவினால் செய்யும் உபகாரங்களல்ல. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அளவுமீறிய சுமை ஏற்படாதவாறு அவரவர் தேவைக்கேற்ற மாறுதல்களைச் செய்யவேண்டுமென்கிறது. அதன் 19-ஆம் பிரிவு, பொதுவான தொழிற்பயிற்சித் திட்டங்கள் அனைத்திலும் இவர்களைச் சேர்த்துக்கொள்ள வழிசெய்யும்படி சர்க்காருக்குக் கட்டளையிடுகிறது. 2024-ல் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய வழக்கில், குறையின் சதவீதம் ஒன்றையே கொண்டு ஒருவரைத் தள்ளலாகாது, படிப்பைத் தொடர இயலுமாவென்று ஆராயவேண்டுமென சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. வைத்தியப் படிப்புக்குப் பொருந்தும் இந்நியாயம் குழந்தைகள் காப்பகத்துக்குப் பொருந்தாதென்று யார் கூறமுடியும்?

கல்லூரி செய்யவேண்டியவை சிலவுண்டு. முதலில் மாணவியையே கேட்கவேண்டும். தன் சக்தியையும் சிரமத்தையும் அவளைவிட நன்கறிந்தவர் எவருமிலர். அவள் சம்மதித்த அளவே விவரத்தை நிலையத்தாருக்குத் தெரிவிக்கவேண்டும். பயிற்சி தொடங்குமுன் உபாத்தியாயர் அவளுடன் அங்கு சென்று படி, கழிப்பறை, குழந்தைகளின் இருக்கை முதலியவற்றைப் பார்வையிடவேண்டும். நிலையத்தில் பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, முதல் வாரத்திலேயே மூவரும் கூடிப் பேசவேண்டும். குறைகள் காணப்பட்டால் மறைக்காது சொல்லித் திருத்தவேண்டும். பரிதாபத்தினால் பொய்ப் புகழ்ச்சி கூறித் தேர்ச்சி கொடுப்பது அவளுக்கும், நாளை அவள் காக்கப்போகும் குழந்தைகளுக்கும் இழைக்கும் தீங்கேயாகும்.

1975-ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் துவக்கப்பட்டது. 2017-ல் மகப்பேற்று நலச் சட்டத்தைத் திருத்தி, 50 பேரும் அதற்கு மேலும் வேலைசெய்யும் ஸ்தாபனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென விதிக்கப்பட்டது. பயின்ற கைகள் தேசத்துக்கு இத்தனை தேவையாயிருக்க, கற்க வருவோரை விலக்குவது விவேகமாகாது. பயிற்சியிடம் மறுக்கும் நிலையங்கள் அதன் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டுமெனச் சர்க்கார் உத்தரவிடவேண்டும். உரிமைக்காக உழைக்கும் தேச ஊழியர்கள் தத்தம் ஊர்களிலுள்ள நிலையங்களுக்குச் சென்று இதனை விசாரித்தறியும்படி வேண்டுகிறோம்.