இன்வெர்ட்டருக்கும் காற்று வேண்டும்

சித்தூர், திருப்பதி வெயிலைப் பற்றி அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சென்ற ஆண்டு மே மாதம், நள்ளிரவில் கரண்ட் போயிற்று. என் துணைவியார் காய்ச்சலில் படுத்திருந்தார். சிறிது நேரத்தில் இன்வெர்ட்டரும் கத்திவிட்டு நின்றது. தொட்டால் கை சுட்டது. தவறு என்னுடையதே. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அதையும் பேட்டரியையும் அலமாரிக்குள் வைத்து மூடியிருந்தேன். மின்சார ரயில் எஞ்சினில் மோட்டார்களைக் குளிர்விக்கவே தனி ஊதுவிசிறிகள் உண்டு. அதை இத்தனை வருடம் பார்த்தவன், சொந்த வீட்டில் மறந்துவிட்டேன்!

முதல் வேலையாகப் பேட்டரியைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றினேன். சார்ஜ் ஆகும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும்; மூடிய இடத்தில் ஒரு தீப்பொறி போதும். பிறகு அலமாரியின் அடியில் துளைகள் போட்டேன். சூடான காற்று மேலே ஏறுமாதலால், உச்சியில் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போடும் 12 வோல்ட் விசிறி ஒன்றை, காற்றை வெளியே தள்ளும்படி பொருத்தினேன். பேட்டரியிலிருந்தே ஃப்யூஸ் வைத்து இணைப்புக் கொடுத்ததால் கரண்ட் போனாலும் சுற்றும். இரண்டு பேட்டரி உள்ள வீடுகளில் 24 வோல்ட் விசிறி வாங்குங்கள்.

உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களுக்கு 10 டிகிரி சூடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மாதம் ஒருமுறை தூசு துடையுங்கள். இந்தக் கோடையில் எங்கள் வீட்டில் விசிறி நிற்கவில்லை.