குழந்தைக்கும் வரும் பக்கவாதம்... குடும்பமே கைகொடுங்கள்!

பக்கவாதம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது யார்? பி.பி., ஷுகர் உள்ள தாத்தாவோ, பெரியப்பாவோதானே? ஆனால், பிறந்து நாலு நாளே ஆன பச்சைக் குழந்தைக்கும் அது வரலாம். சொல்லப்போனால், குழந்தைப் பருவத்தில் இந்த ஆபத்து அதிகமாக இருப்பதே பிறப்பை ஒட்டிய அந்தச் சில நாட்களில்தான்!

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டாலோ, வெடித்தாலோ மூளையின் அந்தப் பகுதி பாதிக்கப்படுகிறது. இடது பக்க மூளையில் பாதிப்பு என்றால் வலது கை, கால் பலவீனமாகும். வலது பக்கம் என்றால் இடது கை, கால். இதைத்தான் டாக்டர்கள் ‘ஹெமிபிளீஜியா’ என்கிறார்கள்.

பிறந்த சமயத்தில் வெளியே ஒன்றும் தெரியாமலே போவதுண்டு. நாலைந்து மாதம் கழித்து, கிலுகிலுப்பையை எட்டிப் பிடிக்கும்போதுதான் தெரியும். ஒரு கை மட்டும் நீளும். இன்னொன்று முஷ்டி மடங்கியபடியே இருக்கும். ‘அப்பா மாதிரியே இவனுக்கும் இடதுகைப் பழக்கம்’ என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஒரு வயதுக்கு முன்பே குழந்தை எப்போதும் ஒரே கையைப் பயன்படுத்தினால், தள்ளிப்போடாமல் குழந்தைகள் நல டாக்டரிடம் காட்டுங்கள்.

வளர்ந்த குழந்தைகளுக்கு இதய நோய், மூளைக்காய்ச்சல், சிக்கிள் செல் எனப்படும் பரம்பரை ரத்தசோகை, கழுத்தில் பலத்த அடி போன்றவற்றால் பக்கவாதம் வரலாம். திடீரென்று வாய் கோணுகிறதா? ஒரு கை தொங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? ‘தூங்கி எழுந்தால் சரியாகிடும்’ என்று காத்திருக்காமல் 108-க்கு போன் செய்யுங்கள். புறா ரத்தம் தடவுவது, பச்சிலை கட்டுவது என்று போகும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான்.

தாய்மேல் பழி வேண்டாம்

டாக்டர் விஷயத்தைச் சொன்ன அன்றே வீட்டில் விசாரணை ஆரம்பித்துவிடும். ‘மாசமா இருக்கும்போது பப்பாளி சாப்பிட்டாளா? கிரகணத்தன்னிக்கு வெளியே வந்தாளா?’ இதற்கெல்லாம் இந்த நோயோடு சம்பந்தமே இல்லை. பிறப்பை ஒட்டி வரும் பக்கவாதத்தில் பெரும்பாலும் இன்ன காரணம் என்று கண்டுபிடிக்கவே முடிவதில்லை. இதை டாக்டர் வாயாலேயே மாமியாரும் கணவரும் கேட்கட்டும். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவர்களையும் அழைத்துப் போங்கள். ‘என்னாலதான்’ என்று உள்ளுக்குள் குமுறும் தாய்க்கு அதுதான் முதல் மருந்து.

வீடே பயிற்சிக்கூடம்

வாரத்தில் சில மணி நேரம்தான் பிஸியோதெரபிஸ்ட் குழந்தையோடு இருக்கிறார். மற்ற நேரமெல்லாம் நீங்கள்தான். அதற்காக நாள் முழுக்கப் பயிற்சி என்று குழந்தையை வதைக்க வேண்டாம். அன்றாட வேலையிலேயே அதை நுழைத்துவிடுங்கள்.

* சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள்.

* இரண்டு கையும் சேர்ந்து செய்யும் வேலைகளைக் கொடுங்கள். சப்பாத்தி தேய்க்கட்டும், பட்டாணி உரிக்கட்டும், கர்சீப்பைப் பிழியட்டும்.

* அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள்மூட்டு பாதிக்கப்படலாம்.

* ‘நொண்டிக் கை’, ‘கெட்ட கை’ என்ற பேச்சே கூடாது. ‘உதவிக் கை’ என்று சொல்லிப் பழக்குங்கள்.

* நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கைக்கு வேலை கொடுக்கும் ஒரு பயிற்சி உண்டு. தெரபிஸ்ட் சொல்லாமல் நீங்களாகவே கையைக் கட்டிப்போடாதீர்கள்.

வலது கை பாதித்த குழந்தை இடது கையால்தான் சாப்பிடும். கல்யாண வீட்டில் யாராவது ‘சீ, பீச்சாங்கை!’ என்று அதட்டினால், குழந்தை தலைகுனியும் முன் நீங்கள் பதில் சொல்லுங்கள்: ‘எங்க பிள்ளைக்கு இதுதான் சோத்துக்கை!’

சில குழந்தைகளுக்கு வலிப்பும் வரலாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு, வாயில் ஸ்பூன் எதுவும் வேண்டாம். 5 நிமிடத்துக்குள் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

அம்மாவுக்கும் ஓய்வு தேவை

தெரபி, ஸ்கூல், சமையல் எல்லாம் அம்மா தலையில். வேலையைக்கூட விட்டுவிடுகிறார். ‘பணம் நான் கட்டறேனே’ என்பதோடு அப்பாவின் பங்கு முடிந்துவிடுகிறது. ஆறு மாதத்தில் அந்தத் தாய் ஓய்ந்துபோனால், பயிற்சியும் அல்லவா நின்றுபோகும்? வாரத்தில் இரண்டு நாள் அப்பா தெரபிக்குக் கூட்டிப் போகட்டும். குளிப்பாட்டுவதைப் பாட்டி ஏற்கட்டும். மூத்த பிள்ளையோடு தினமும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசுங்கள். ‘தம்பியைத்தான் எல்லாரும் பார்க்கிறாங்க’ என்ற ஏக்கம் அதற்கும் இருக்கும்.

உரிமையைக் கேளுங்கள்

பிறப்பை ஒட்டிய மூளை பாதிப்பால் வரும் ஹெமிபிளீஜியா, ‘செரிப்ரல் பால்ஸி’ எனப்படும் மூளை முடக்குவாதத்தில் ஒரு வகை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதற்கு இடம் உண்டு. ஊனம் 40 சதவிகிதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை இருக்கிறது. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டத்தில் 1 லட்ச ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு பெறலாம். ‘சர்ட்டிபிகேட் வாங்கினா ஊருக்கே தெரிஞ்சுடுமே’ என்று தயங்காதீர்கள்.

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம், சென்னையில் 1985-ல் தொடங்கிய வித்யாசாகர் போன்ற அமைப்புகள் பெற்றோரையும் சேர்த்தே பயிற்றுவிக்கின்றன. தெரபி சென்டர் பெஞ்சில் பக்கத்தில் காத்திருக்கும் இன்னொரு அம்மாவிடமும் பேச்சுக் கொடுங்கள். எந்த ஷூவில் காலுறைத் தாங்கி நுழையும், எந்த ஸ்கூல் மறுக்காமல் சேர்த்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

உங்கள் சொந்தத்தில், பக்கத்து வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருக்கிறதா? ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்டாதீர்கள். ‘சனிக்கிழமை நான் பார்த்துக்கறேன், நீ கொஞ்சம் தூங்கு’ என்று அந்தத் தாயிடம் சொல்லிப் பாருங்கள். அந்தக் குடும்பத்துக்கு நீங்கள்தான் உதவிக் கை!