பள்ளி முடிந்த பிறகு கணினிக்கூடம்

402-இல் 178 போனால் எவ்வளவு? கணக்கு ஆசிரியர்களுக்குப் பழகிப்போன ஒரு தவறான விடை உண்டு: 376. பிள்ளை கவனக்குறைவாக எழுதியது அல்ல. ஒவ்வோர் இடமதிப்பிலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது. பக்கத்து இடத்திலிருந்து கடன் வாங்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் ஆசிரியர் சிவப்பு மையில் தப்பு போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போகத்தான் நேரம் இருக்கும்.

2020 மார்ச் 18-இல் மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது ஆண்டு இரண்டில் இருந்த பிள்ளைகள் கடன் வாங்கிக் கழிக்கப் பழக வேண்டிய வயதில் இருந்தார்கள். ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் வழியில், சுண்ணாம்புக் குன்றுகளும் குவாரி லாரிகளுமாக இருக்கும் சிம்பாங் பூலாய் போன்ற ஊர்களில் இயங்கலை வகுப்பு என்றால் பல வீடுகளில் ஒரே கைப்பேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு அவர் வந்த பிறகுதான் புலனத்தில் கிடக்கும் பயிற்றியைத் திறக்க முடியும். கல்வி அமைச்சு அப்போது எடுத்த கணக்கெடுப்பிலேயே 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை.

அந்தப் பிள்ளைகள் இன்று இடைநிலைப்பள்ளியில். ஆனால் பள்ளம் அவர்களோடு மூடிவிடவில்லை. 2018 அனைத்துலக பீசா தேர்வில் கணிதத்தில் 440 எடுத்த மலேசியா 2022-இல் 409-க்கு இறங்கியது. ஐந்தாம் ஆண்டு முடிக்கும் பிள்ளைகளில் 42 விழுக்காட்டினர் வாசிப்பில் உரிய நிலையை எட்டவில்லை என்று 2024-இல் உலக வங்கி சொன்னது.

உடனே எல்லாருக்கும் மடிக்கணினி என்று கிளம்புவது நமக்குப் பிடித்த தீர்வு. பெரு நாடு லட்சக்கணக்கில் கொடுத்துப் பார்த்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் நகரவில்லை.

எனக்கு அதைவிட வடோதரா கதைதான் முக்கியமாகப் படுகிறது. 2000-இல் குஜராத் அரசு அந்நகரின் நகராட்சித் தொடக்கப்பள்ளிகளுக்குத் தலா நான்கு கணினிகள் கொடுத்தது. பெரும்பாலானவற்றைப் பிள்ளைகள் தொடவே இல்லை. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் அவற்றைத் தட்டியெழுப்பி, நான்காம் வகுப்புப் பிள்ளைகளை இருவர் இருவராக உட்காரவைத்து, வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டு கொடுத்தது. அவரவர் தடுமாறும் இடத்துக்கு ஏற்பக் கணக்கு மாறும். கூட ஒருவர் இருப்பார், அக்கம்பக்கத்திலிருந்து வந்து சில நாள் பயிற்சி பெற்றவர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட நால்வர் அளந்து பார்த்தார்கள். இரண்டாம் ஆண்டில், நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை ஏறக்குறைய 68 பேரைத் தாண்டும் அளவுக்கு முன்னேற்றம். திட்டம் நின்ற மறு ஆண்டே அதில் பெரும்பகுதி கரைந்துபோனது என்பதையும் அவர்களே எழுதினார்கள்.

அந்த நால்வரில் ஒருவரான லீ லிண்டன் பிறகு குஜராத்திலேயே இன்னொன்றைச் சோதித்தார். பாடவேளையில் ஆசிரியருக்குப் பதிலாகக் கணினி வந்தபோது பிள்ளைகள் பின்தங்கினார்கள். அதே கணினி, அதே பாடம் பள்ளி முடிந்த பிறகு கூடுதலாகக் கிடைத்தபோது முன்னேறினார்கள். தமிழ்நாடும் இதையே வேறு வழியில் காட்டியது. கொரோனாவுக்குப் பின் பள்ளி திறந்த ஆறு மாதத்தில் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் கால்வாசி, 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யின் மாலை வகுப்புகளால் வந்தது. அங்கே கணினி கிடையாது, தன்னார்வலர்கள்தான்.

ஆகவே கணினிக்கூடத்தைத் தட்டச்சுப் பழகவும் போட்டிகளுக்குத் தயார்செய்யவும் மட்டும் வைத்திருப்பது வீண். 150 மாணவருக்கும் குறைவான பள்ளிகளின் ‘எஸ்.கே.எம்.’ பட்டியலில் நம் தமிழ்ப்பள்ளிகள் நிறைய இருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் அது வசதி. இருவருக்கு ஒன்று என்றால் பத்துக் கணினி ஒரு வகுப்புக்கே போதும். குறைநீக்கல் ஆசிரியர் அருகில் இருந்தால் 376 ஏன் வந்தது என்று கேட்கவும் ஆள் உண்டு.

சிக்கல் வேனில் இருக்கிறது. தோட்டம் மூடி, குடும்பங்கள் தாமான்களுக்குச் சிதறிய பிறகு பிள்ளைகள் வருவதும் போவதும் பள்ளி வேனில்தான். பள்ளி விட்டதும் அது கிளம்பிவிடும். மாலை மூன்று மணிக்கு இரண்டாவது நடை ஓட்ட எண்ணெய்க் காசு, இடையில் ஒரு வேளைச் சோறு, கூடத்தில் உட்காரும் ஆளுக்குச் சின்னப் படி. கருவி வாங்க நன்கொடை தருகிறவர்கள் இவற்றுக்கும் தருவார்களா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அடுத்த ஆண்டுக்கூட்டத்திலேயே கேட்கலாம்.