மன்னாருக்குப் போனால்

மன்னார்த் தீவுக்குள் நுழைந்ததுமே கோட்டை தெரியும். 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. அப்படியே பள்ளிமுனைக்குப் போய்ப் பெருக்குமரத்தைப் பாருங்கள். அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கும் மேல். உயரமோ ஏழரை மீற்றர்தான்! ஆபிரிக்காவுக்கு உரிய இந்த மரத்தை அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். வயது 700 என்பது ஊர்ப்பேச்சு. தயவுசெய்து அதன் பட்டையில் பெயர் செதுக்காதீர்கள்.

தலைமன்னாரில் பழைய இறங்குதுறை இருக்கிறது. 1914 முதல், 1964 டிசம்பர் சூறாவளி தனுஷ்கோடியை அழிக்கும்வரை, இராமேஸ்வரத் தீவிலுள்ள அந்த ஊருக்குக் கப்பல் ஓடியது இங்கிருந்துதான்.

பசி எடுத்தால் ஒடியல் கூழ் கேளுங்கள். பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அதை இடித்த மாவை நீரில் ஊறவிட்டுக் கைப்பை நீக்குவார்கள். பிறகு நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் வெந்த பானையில் செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர, இந்த மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். சுடச்சுடப் பலாவிலையைக் கோலிக் குடித்தால்தான் ருசி! நண்டுக்காலைக் கடிக்கக் கூச்சப்படாதீர்கள்.

மாரி காலத்தில் போகிறவர்கள் வங்காலைப் பக்கமும் எட்டிப்பாருங்கள், பூநாரைகள் வந்திருக்கும்.