நோயை அறிந்த தாசன்

எங்கள் மருத்துவமனையின் வார்டுகளில் அன்றாடம் கேட்கப்படும் ஒரு கேள்விக்கு இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ விடை தருவதில்லை. "யாருக்கு என்ன தீங்கு செய்தேன்? எனக்கு ஏன் இந்த நோய்?" என்பதே அக்கேள்வி. கிறிஸ்தவர் ஒருவர், "ஆண்டவர் என்னைத் தண்டிக்கிறாரோ?" என்று கேட்கிறார். வேறொரு குடும்பத்தார், "எந்தப் பிறவியில் செய்த பாவமோ" என்று கலங்குகின்றனர். சொற்கள் வேறாயினும் அவற்றின் அடியில் உறையும் அச்சம் ஒன்றே: நோயுற்றவர் கடவுளால் ஒதுக்கப்பட்டவர் என்னும் அச்சம்.

இந்த அச்சத்தை நேராக எடுத்துப் பேசும் பழம்பாடல் ஒன்று எபிரெய வேதத்தில் உண்டு. பெரிய வெள்ளியன்று திருச்சபைகள் பலவற்றில் வாசிக்கப்படும் ஏசாயா 53-ஆம் அதிகாரமே அது. கிறிஸ்தவர் அதனைப் பாடுபடும் மேசியாவைப் பற்றிய தீர்க்கதரிசனமாகப் போற்றுகின்றனர். எல்லாச் சமயத்தாரும் வாசிக்கும் இவ்விதழில், மருத்துவராகிய நாங்கள் அதனை எவ்வாறு வாசிக்கிறோம் என்பதைத் தங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பாடலும் அதன் பின்னணியும்

ஏசாயா கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் எருசலேமில் வாழ்ந்த தீர்க்கதரிசி. அவர் பெயரைத் தாங்கிய நூலில் 40-ஆம் அதிகாரம் தொடங்கி வரும் பகுதி, கி.மு. 586-இல் எருசலேம் வீழ்ந்தபின் பாபிலோனில் சிறையிருந்த மக்களை நோக்கி ஆறுதல் பேசுகிறது. ஆலயம் எரிந்தது, அரசு அழிந்தது, கடவுள் தங்களைக் கைவிட்டார் என்று அம்மக்கள் எண்ணினர். அத்தகைய மக்களிடம் 'கர்த்தருடைய தாசன்' ஒருவரைப் பற்றிய நான்கு பாடல்கள் பாடப்படுகின்றன. இந்நான்கையும் தனித்தொகுதியாக 1892-இல் அடையாளம் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் பெர்ன்ஹார்ட் டூம். நான்காவது பாடல் 52-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்தில் தொடங்கி 53-ஆம் அதிகாரத்தின் முடிவுவரை 15 வசனங்களில் அமைந்துள்ளது.

இப்பாடல் கிறிஸ்துவுக்குப்பின் எவரேனும் எழுதிச் சேர்த்ததாக இருக்கலாமோ என்னும் ஐயத்துக்கு இன்று இடமில்லை. 1947-இல் சவக்கடலை அடுத்த கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா தோற்சுருள், ஏறத்தாழ 7 மீட்டர் நீளமுள்ளது. கிறிஸ்து பிறப்பதற்கு நூறாண்டுக்கும் முன்னரே எழுதப்பட்டது. அதில் இப்பாடல் முழுமையாக உள்ளது.

அபிஷேகம் பெற்றவரும் அடிபட்டவரும்

'மேசியா' என்னும் எபிரெயச் சொல்லுக்கு 'எண்ணெய் வார்த்து அபிஷேகம் செய்யப்பட்டவர்' என்பது பொருள். அரசரும் ஆசாரியரும் அவ்வாறு அபிஷேகம் பெற்றனர். ஆகவே வரவிருக்கும் மேசியா தாவீதின் அரியணையில் அமரும் வெற்றிவேந்தராக இருப்பார் என மக்கள் எதிர்பார்த்தனர். ஏசாயா 53-ஆம் அதிகாரத்திலோ மேசியா என்னும் சொல்லே இல்லை, அரியணையும் இல்லை. அங்கே காணப்படுபவர் அழகற்றவர், அவமதிக்கப்பட்டவர், பார்ப்போர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நிலையில் இருப்பவர்.

இப்பாடலின் சொற்களை உற்றுநோக்கினால் ஓர் உண்மை மருத்துவர்களாகிய எங்களுக்கு வியப்பளிக்கிறது. அவரை வருணிக்கும் எபிரெயச் சொற்கள் இரண்டு: 'மக்கோப்', அதாவது வலி, 'ஹொலி', அதாவது நோய். மொழிபெயர்ப்புகளில் இவை துக்கம், பாடு எனப் பொதுவான சொற்களாக மாறுவதுண்டு. மூலத்திலோ அவை நோயாளியின் படுக்கையைச் சார்ந்த சொற்கள். 'அடிபட்டவர்' என்னுமிடத்தில் வரும் சொல்லின் வேர், மோசேயின் சட்டத்தில் தோல் நோயைக் குறிக்கவும் வழங்கியது. அதனாலேயே கி.பி. 400-ஐ ஒட்டி வேதத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம், அத்தாசனைத் தொழுநோயாளிக்கு ஒப்பானவர் என்று எழுதினார்.

பாடலின் திருப்பம் அதன் நடுவில் நிகழ்கிறது. சுற்றிநின்றோர் பேசுகின்றனர். இவர் கடவுளால் தண்டிக்கப்பட்டவர் என்றே தாங்கள் எண்ணியிருந்ததாகவும், அந்த எண்ணம் பிழை என்று பின்னரே உணர்ந்ததாகவும் கூறுகின்றனர். அவர் சுமந்தவை அவருடைய குற்றத்தின் பலனல்ல. பிறருடைய நோய்களும் வலிகளும் மீறுதல்களுமே. துன்புறுவோரைப் பார்த்து 'இவர் ஏதோ பாவம் செய்திருப்பார்' என்று தீர்ப்பளிக்கும் வழக்கத்தை, தீர்ப்பளித்தவர்களின் வாயாலேயே இப்பாடல் தள்ளுபடி செய்கிறது.

யூதர் வாசித்த விதம்

இப்பாடல் முதலில் யூத மக்களுடையது. ஆகவே அவர்கள் அதனை எவ்வாறு வாசித்தனர் என்பதையும் மதிப்போடு நோக்க வேண்டும். பிரான்சில் வாழ்ந்த பேரறிஞர் ராஷி (1040–1105), அத்தாசன் தனிமனிதர் அல்லர், நாடுகளிடையே துன்புற்ற இஸ்ரவேல் மக்களே என்று விளக்கினார். யூதருள் இன்றும் பரவலாக ஏற்கப்படும் விளக்கம் அது.

எனினும் துன்புறும் மேசியா என்னும் எண்ணம் யூத மரபுக்கு அந்நியமானதன்று. தல்மூதின் 'சன்ஹெத்ரின்' பகுதியில், ரபி யோசுவா பென் லேவி என்பவர் எலியா தீர்க்கதரிசியைச் சந்தித்து, மேசியா எங்கே இருக்கிறார் என வினவும் கதை வருகிறது. ரோம் நகர வாயிலில், நோயுற்ற ஏழைகளின் நடுவே அவர் அமர்ந்திருக்கிறார் என்று விடை கிடைக்கிறது. அடையாளம் என்ன? மற்றவர்கள் தங்கள் புண்களின் கட்டுகளையெல்லாம் ஒருசேர அவிழ்த்து ஒருசேரக் கட்டுகின்றனர். மேசியாவோ ஒரு கட்டை அவிழ்த்து, அதனைக் கட்டி முடித்த பின்னரே அடுத்ததை அவிழ்க்கிறார்; அழைப்பு வந்தால் தாமதமின்றிப் புறப்பட வேண்டுமல்லவா! காயங்களுக்குக் கட்டு மாற்றும் செவிலியர் எவரும் இக்கதையை எளிதில் மறக்கமாட்டார்.

கிறிஸ்தவ விளக்கம்

அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தில், எருசலேமிலிருந்து காசாவுக்குச் செல்லும் வழியில் எத்தியோப்பிய அரசவை அதிகாரி ஒருவர் இரதத்தில் அமர்ந்து இப்பாடலையே வாசித்துக்கொண்டிருக்கிறார். தீர்க்கதரிசி இங்கே பேசுவது தம்மைப் பற்றியா, வேறொருவரைப் பற்றியா என்று பிலிப்புவிடம் கேட்கிறார். பிலிப்பு அவ்விடத்திலிருந்தே தொடங்கி இயேசுவை அறிவிக்கிறார். சிலுவையில் அறையப்பட்ட ஒருவர் எவ்வாறு மேசியாவாக இருக்கக்கூடும் என்னும் கடினமான வினாவுக்கு, ஆதித்திருச்சபை கண்ட விடை இப்பாடலில் இருந்தது. பேதுருவின் முதலாம் நிருபமும் சிலுவையை இதன் ஒளியிலேயே விளக்குகிறது.

மத்தேயு நற்செய்தி இப்பாடலை எடுத்தாளும் இடம் எங்கள் கவனத்தை ஈர்க்கிறது. அது சிலுவைக் காட்சியன்று. 8-ஆம் அதிகாரத்தில், காய்ச்சலாய்க் கிடந்த பேதுருவின் மாமியாரையும், மாலையில் கொண்டுவரப்பட்ட நோயாளிகளையும் இயேசு குணமாக்கிய இடம். ஆக, நோயாளியின் அருகில் வந்து தொடுவதும், நோயாளியின் நிலைக்கே இறங்குவதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே கிறிஸ்தவர் காணும் மேசியாவின் பணி.

பாடல் மரணத்தோடு முடிவதில்லை. தாசன் தம் வருத்தத்தின் பின் பலனைக் காண்பார் என்கிறது. கும்ரான் சுருளிலும் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அவ்விடத்தில் 'ஒளி' என்னும் ஒரு சொல் கூடுதலாக உள்ளது. அவர் ஒளியைக் காண்பார் என்பது பொருள். கிறிஸ்தவர் இதில் உயிர்த்தெழுதலின் சாயலைக் காண்கின்றனர்.

மருத்துவமனைக்காகத் தீட்டப்பட்ட சிலுவை

இவ்விளக்கத்தை நோயாளிகளின் கண்முன் நிறுத்திய ஓவியம் ஒன்று உண்டு. இன்றைய பிரான்சின் கிழக்குப் பகுதியில், கொல்மார் நகரை அடுத்த இசன்ஹைம் என்னும் ஊரில் புனித அந்தோணியார் சபைத் துறவிகள் மருத்துவமனை நடத்தினர். 'அந்தோணியார் நெருப்பு' என்னும் கொடிய நோய்க்கு அவர்கள் சிகிச்சை அளித்தனர். ரை என்னும் தானியக் கதிரில் வளரும் எர்காட் பூஞ்சையின் நச்சே அந்நோயின் காரணம் என்பதை இன்று அறிவோம். அந்நச்சு இரத்தக்குழாய்களைச் சுருக்கும். கைகால்கள் நெருப்பாய் எரியும். பின்னர் கறுத்து அழுகும். தைலம் பூசுவதும், அழுகிய உறுப்பை வெட்டியெடுப்பதுமே அன்று இருந்த சிகிச்சை.

அம்மருத்துவமனைச் சிற்றாலயத்துக்காக 1512-க்கும் 1516-க்கும் இடையில் மத்தியாஸ் குரூனவால்ட் பலிபீட ஓவியம் தீட்டினார். அதில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் உடல் பளிங்குபோல் தூயதாக இல்லை. தோல் பச்சை பாய்ந்து, புண்கள் நிறைந்து, விரல்கள் முறுக்கிக் கிடக்கின்றன. அங்கு வந்த நோயாளிகள் அவரிடம் கண்டது தங்கள் உடலையே. குணமளிக்க வழியறியாத காலத்திலும், 'நீ ஒதுக்கப்பட்டவன் அல்லன்' என்று அத்துறவிகளால் கூற முடிந்தது. ஓவியம் இன்று கொல்மாரின் உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பிழையாகக் கொள்ளலாகாதவை

இப்பாடலின் பெயரால் நோயாளிகளுக்குத் தீங்கும் நேர்வதுண்டு என்பதால், மூன்று செய்திகளைத் தெளிவாகக் கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலாவது, நோய் தண்டனை அன்று. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இவர் பாவம் செய்தாரா, இவர் பெற்றோர் செய்தனரா என்று சீடர்கள் கேட்டபோது, இருவரும் அல்லர் என்றே இயேசு விடையளித்தார். நோயாளியின் படுக்கையருகே வந்து காரணம் தேடிப் பழிசுமத்தும் உறவினரை அன்போடு தடுத்து நிறுத்துங்கள்.

இரண்டாவது, தாசனின் காயங்கள் பிறருக்குக் குணமளிக்கின்றன என்னும் வாக்கை நம்பி மருந்தை நிறுத்திவிடுவோர் சிலர் உள்ளனர். இன்சுலினையோ வலிப்பு மாத்திரையையோ நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டையோ திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். காசநோய் மருந்தை இடையில் விட்டால், மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகலாம். இதே ஏசாயா நூலின் 38-ஆம் அதிகாரத்தில், மரணத்தறுவாயில் கிடந்த எசேக்கியா அரசரின் வேண்டுதல் கேட்கப்பட்டது என்று அறிவித்த தீர்க்கதரிசியே, அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டுமாறு சொன்னார். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மூன்றாவது, தாசன் வாய்திறவாதிருந்தார் என்பதால், வலியை மறைப்பதே விசுவாசம் என்று எண்ண வேண்டாம். அவர் மௌனமாயிருந்தது தம்மை ஒடுக்கியவர்கள் முன்னிலையில். தம்மைப் பேணுவோர் முன்னிலையில் அன்று. இயேசுவும் சிலுவையில் சங்கீதம் 22-இன் தொடக்கத்தை உரத்த குரலில் கூப்பிட்டார். வலி எங்கே, எவ்வளவு, எப்போது மிகுகிறது என்று எங்களிடம் கூறுங்கள். தேவைப்படும்போது மருத்துவர் அளவிட்டுத் தரும் மார்பின் போன்ற மருந்தை ஏற்பது பலவீனமன்று.

உடனிருந்து பேணும் உறவினர்களுக்கும் ஒரு சொல். பிறர் துன்பத்தைச் சுமக்கும் பணி பெரிது. அதற்காக உணவும் உறக்கமும் இன்றி நீங்கள் தளர்ந்துபோக வேண்டும் என்று எவ்வேதமும் கேட்பதில்லை. தல்மூத் கதையின் மேசியாவைப்போல ஒரு நேரத்தில் ஒரு கட்டை மட்டும் அவிழுங்கள். இன்றைய மருந்து, இன்றைய கஞ்சி, இன்றிரவு மாற்றிவிட ஒருவர்: இவ்வளவு போதும்.

நோய் ஏன் வந்தது என்னும் வினாவுக்கு எங்களால் இயன்றவரை மருத்துவ விடை கூறுவோம். 'எனக்கு ஏன்' என்னும் வினாவுக்கு ஏசாயாவின் பாடலும் காரணம் கூறவில்லை. நோயை அறிந்த ஒருவர் நோயாளியின் பக்கத்தில் இருக்கிறார் என்று மட்டும் கூறுகிறது. அதைப் பற்றிப் பேச விரும்புவோர், எச்சமயத்தவராயினும், வார்டுச் செவிலியரிடம் கூறினால் மருத்துவமனைப் போதகர் தங்கள் படுக்கையருகே வருவார். நாங்களும் சுற்றுக்கு வரும்போது தயங்காமல் கேளுங்கள்.