கேட்காமல் வந்த குக்கி

வலைப்பக்கங்களைத் தானாக எடுத்துவர ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் என்றைக்காவது இந்தச் சிக்கலில் மாட்டுவார்கள். பிரவுசரில் திறந்தால் சரியாக இருக்கும் பக்கம், ஸ்கிரிப்ட் எடுக்கும்போது வேறு மொழியில் வரும். அல்லது திரும்பத் திரும்ப லாகின் பக்கமே வந்து நிற்கும். குக்கி ஃபைலைத் திறந்து பார்த்தால், நாம் கேட்டே இராத பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும்.

எச்டிடிபிக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதிது. இதற்கு மாற்றாக 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி குக்கியை உருவாக்கினார். கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கன் மாதிரிதான்: சர்வர் ஒரு சிறு குறிப்பைத் தருகிறது, அடுத்த முறை போகும்போது நாம் அதைக் காட்டுகிறோம். அது 'செட்-குக்கி' என்ற ஹெடரில் வரும், 'குக்கி' என்ற ஹெடரில் திரும்பிப் போகும்.

டேனியல் ஸ்டென்பெர்க் 1998 முதல் வளர்த்துவரும் 'கர்ல்' கருவி, நாம் சொல்லாமல் எந்தக் குக்கியையும் வைத்துக்கொள்ளாது. சொல்லாமலே வைத்துக்கொண்டதாகத் தோன்றினால், முதலில் ஹோம் ஃபோல்டரில் உள்ள 'கர்ல்ஆர்சி' ஃபைலைப் பாருங்கள். என்றோ யாரோ அதில் எழுதிய ஒரு வரியைக் கர்ல் ஒவ்வொரு முறையும் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருக்கும்.

அங்கே ஒன்றும் இல்லை, குக்கியை வைத்துக்கொள்ள நாமே சொல்லியிருக்கிறோம், ஆனாலும் தெரியாத பெயர்கள் சேர்கின்றன என்றால், பெரும்பாலும் காரணம் ரீடைரக்ட்தான். நாம் ஒரு முகவரியைக் கேட்கிறோம். சர்வர் இன்னொன்றுக்கு அனுப்புகிறது, அது மூன்றாவதுக்கு. வழியில் ஒவ்வொரு இடமும் தன் குக்கியைக் கொடுக்கலாம். பைத்தானின் 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகத்தில் இது இன்னும் குழப்பும். கிடைத்த பதிலில் உள்ள குக்கிகளைக் கேட்டால் கடைசிப் பக்கம் தந்தவை மட்டுமே தெரியும். செஷனிடம் கேட்டால் வழியில் சேர்ந்தவையும் தெரியும். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகவில்லையே என்று பலர் திகைப்பது இதனால்தான்.

கர்ல் எழுதும் குக்கி ஃபைலை ஒருமுறையாவது நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். இன்றும் அது பழைய நெட்ஸ்கேப் வடிவம்தான். ஒவ்வொரு வரியிலும் டேப் பிரித்த 7 பகுதிகள்: டொமைன், துணை டொமைன்களுக்கும் பொருந்துமா என்பது, பாதை, பாதுகாப்பான இணைப்புக்கு மட்டுமா என்பது, காலாவதி நேரம், பெயர், மதிப்பு. '#' குறியில் தொடங்கும் வரிகள் வெறும் குறிப்புகள். ஆனால் '#' குறியை ஒட்டி 'எச்டிடிபிஒன்லி' என்று தொடங்கும் வரி குறிப்பு அல்ல, உயிருள்ள குக்கி. ஜாவாஸ்கிரிப்ட் தொடக் கூடாது என்று சர்வர் குறித்துத் தந்தது அது; லாகின் நிலையைத் தாங்குவது பல தளங்களில் இந்த வகைக் குக்கிதான். குறிப்பென்று நினைத்து அதைக் கண்டுகொள்ளாமல் விடுகிறவர்கள், தேடுவதைக் கண்முன்னே தவறவிடுகிறார்கள்.

காலாவதிப் பகுதியில் 0 இருந்தால் அது செஷன் குக்கி. பிரவுசரை மூடினால் போய்விட வேண்டியது. கர்லோ அதையும் ஃபைலில் எழுதிவைத்து, அடுத்த முறை அதே ஃபைலைப் படிக்கச் சொன்னால் மறுபடி அனுப்பிவிடும். நேற்றைய லாகின் இன்று வந்து குழப்புவது இப்படித்தான். படிக்கும்போதே செஷன் குக்கிகளை விட்டுவிட 'ஜே' என்ற ஆப்ஷன் இருக்கிறது.

ஃபைலைப் பார்த்தால் எது இருக்கிறது என்பது தெரியும். எந்தப் பதிலில் வந்தது என்பது தெரியாது. அதற்கு 'வி' ஆப்ஷனோடு ஓட்ட வேண்டும். குக்கி சேரும் ஒவ்வொரு தடவையும், அதன் பெயரும் டொமைனும் பாதையும் நட்சத்திரக் குறியிட்ட ஒரு வரியில் வரும். ஃபைலைக் கர்ல் எழுதுவது வேலை முடிந்த பிறகுதான். கர்லை பிஎச்பி வழியாக ஓட்டுகிறவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்: பிஎச்பி 8-லிருந்து, கர்ல் ஹேண்டிலை மூடும் கட்டளை எதையும் செய்வதில்லை. ஹேண்டிலை வைத்திருக்கும் மாறியே அழியும்போதுதான் ஃபைல் எழுதப்படும்.

என் பரிந்துரை இது: ஃபைலை அழித்துவிட்டு, படிக்கவும் எழுதவும் அதே பெயரைக் கொடுத்து ஸ்கிரிப்ட்டை இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டும் சரியாக வந்தால் குற்றவாளி பழைய குக்கி. முதல் முறை சரியாக வந்து இரண்டாவது முறை கெட்டால், முதல் ஓட்டத்தில் வாங்கிய குக்கியைத் தேடுங்கள். முதல் முறையே கெட்டிருந்தால் பழைய குக்கிமேல் பழியில்லை. நீங்கள் அனுப்பும் யூசர் ஏஜென்ட், மொழி ஹெடர்களைப் பாருங்கள்.